ராஜ்ய புரஸ்கார் (சாரணியர் விருது)

பாரத சாரண சாரணியர் இயக்கத்தில் மாநில அளவில் வழங்கப்படும் உயரிய விருது. இந்தியாவின் முதல் சாரணியர் படை 1911-இல் ஜபல்பூரில் தொடங்கியது. 1950-இல் உருவான பாரத சாரண இயக்கத்துடன் பெண் சாரணியர் அமைப்பு 1951-இல் இணைந்தது. பிரவேஷ், பிரதம, துவிதிய, திருதிய சோபான் நிலைகளில் தேறிய சாரணியரே இவ்விருதுக்குத் தகுதி பெறுவர். முதலுதவி, முடிச்சுகள், முகாம் வாழ்வு, திறன் சின்னங்கள் ஆகியவற்றுடன் சமூகத் தொண்டும் பயிற்சியில் அடங்கும். சான்றிதழில் மாநில ஆளுநர் கையொப்பமிடுவார். அடுத்த நிலை குடியரசுத் தலைவர் விருது.

பயிற்சியில் அடங்கும் சமூகத் தொண்டு ஊரின் தேவைக்கேற்ப அமையலாம். கும்மிடிப்பூண்டி வட்டத்துத் தேர்வாய் கண்டிகையைப் போலச் சிப்காட் தொழிற்பூங்காவும் குடிநீர் நீர்த்தேக்கமும் அமைந்த ஊர்களில் நீர்நிலைத் தூய்மை, மரம் நடுதல், சுகாதார விழிப்புணர்வு ஆகியவை சாரணியருக்கு ஏற்ற தொண்டுகள். ஊருக்கு உழைக்கும் பழக்கம் சிறுமியரிடம் இளமையிலேயே வேரூன்றுவதே இவ்விருதின் பெரும் பயன்.