சுழி

ஏரி நிரம்பினால் தாமலுக்குச் சென்னையிலிருந்து வண்டி கட்டிக்கொண்டு வருகிறவர்கள் உண்டு. கரையில் நின்று படம் எடுங்கள், தப்பில்லை. மதகுப் பக்கம் இறங்கினால் மட்டும் ஊர்ப் பெரியவர் யாராவது குரல் கொடுப்பார்: "அங்க சுழி இருக்கு, தள்ளி வா!"

தண்ணியில ஒன்றுமே தெரியாது. அதுதான் விஷயம். ஏரி முழுக்க நிறைந்திருக்கும்போது மதகு வாய் ஆழத்தில் கிடக்கும். கீழே இழுத்துக்கொண்டிருந்தாலும் மேலே கண்ணாடி மாதிரி இருக்கும். தண்ணி இறங்க இறங்கத்தான் சுழி மேலே வந்து, நடுவில் குழி விழுந்து, சருகைச் சுற்றிச் சுற்றி உள்ளே வாங்கும். பழைய மதகில் இரண்டு கல் தூண், நடுவில் துளை போட்ட குறுக்குக் கல், அதன் வழியே இறங்கும் கம்பு, கம்பு நுனியில் அடைப்பு. அடைப்பைத் தூக்கினால் சுழி பிறக்கும்.

கல்வெட்டுகளில் இதற்குத் தூம்பு, குமிழி என்று பெயர் வரும். குமிழி என்பது தண்ணி கொப்பளிக்கிறதைப் பார்த்து வைத்த பெயர் என்பது என் கணிப்பு. உத்திரமேரூர் என்றாலே எல்லாரும் குடவோலையைத்தான் பேசுவோம். முதலாம் பராந்தகன் காலத்தில், 919லும் 921லும் வெட்டிய அந்தக் கல்வெட்டுகளில் ஓலை எடுத்து ஆள் தேர்ந்தெடுத்த வாரியங்களில் ஒன்று ஏரி வாரியம். அங்கே பல்லவர் காலத்து வயிரமேகத் தடாகம் இருந்ததே, அதைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டாமா?

சுழி என்ற சொல் நமக்கு மட்டும் சொந்தமில்லை. மலையாளத்திலும் சுழிதான். கன்னடத்தில் சுளி, தெலுங்கில் சுடி. ஏழு என்பது கன்னடத்தில் ஏளு, தெலுங்கில் ஏடு ஆகிறதல்லவா, அதே கணக்கு. நம் ஊர்ச் சுழல்காற்று அங்கே சுளிகாளி, சுடிகாலி. ஒரே வேரில் கிளைத்த சொல், யாரிடமும் கடன் வாங்கியதில்லை.

தண்ணியிலிருந்து இந்தச் சொல் எங்கெல்லாம் ஏறியிருக்கிறது பாருங்கள். மாடு வாங்கப் போனால் பல்லுக்கு அடுத்தபடி சுழி பார்ப்போம். இடம் தப்பிய சுழி இருந்தால் நல்ல மாடும் விலை போகாது. (எனக்கு இதில் நம்பிக்கை இல்லை, ஆனால் விற்கும்போது வாங்குகிறவருக்கு இருக்கிறதே!) பள்ளிக்கூடத்தில் ரெண்டு சுழி ன, மூணு சுழி ண. கணக்கில் சுழியம். எழுத ஆரம்பித்தால் பிள்ளையார் சுழி. விருதுநகர் மாவட்டத்துத் திருச்சுழி, ரமணர் 1879ல் பிறந்த ஊர். பிரளய வெள்ளத்தைச் சிவன் சூலத்தால் துளை போட்டுச் சுழித்துப் பூமிக்குள் இறக்கினார் என்பது அந்தத் தலத்தின் கதை. ஏரிக்கரையில் வாழ்கிறவனுக்கு அது சாமி திறந்த மதகு.

இலங்கைத் தமிழ்ப் பத்திரிகை படித்தால் இன்னொன்று கண்ணில் படும். தண்ணியில் விழுந்தவரைத் தேடி ஆழத்தில் இறங்குகிறவரை அங்கே சுழியோடி என்று எழுதுகிறார்கள். நம் பத்திரிகைகளில் நீச்சல் வீரர், தீயணைப்பு வீரர்தான். மதகு அடைத்துக்கொண்டால் மூச்சைப் பிடித்துக்கொண்டு இறங்கி வேரும் சருகும் எடுத்துவிட்டு வருகிற ஆள் எங்கள் பக்க ஊர்களிலும் உண்டு. அவரை நாங்கள் பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறோம். அந்த வேலைக்கென்று ஒரு பெயர் வைக்கவில்லை.