சிறுநீரகத்தின் முளைய வளர்ச்சி

மனித முளையத்தில் முன்சிறுநீரகம், இடைச்சிறுநீரகம், பின்சிறுநீரகம் என மூன்று சோடி உறுப்புகள் கழுத்துப் பக்கமிருந்து இடுப்பு நோக்கி ஒன்றன்பின் ஒன்றாகத் தோன்றுகின்றன. நான்காம் வாரத்தில் எழும் முதற்சோடி இயங்காமலே மறைகிறது. இரண்டாவது சில வாரங்கள் இருந்து கரைகிறது. ஆணில் அதன் குழாய் விந்துக்கானாக எஞ்சும். ஐந்தாம் வாரத்தில் தொடங்கும் மூன்றாவதே நிலைக்கிறது. முதற்சோடியைச் சிறுநீரகம் எனலாமா, மூன்றும் ஒரே உறுப்பின் கட்டங்கள்தாமா என்பதில் கருத்து வேற்றுமை உண்டு.

இலங்கையின் புத்தளம் கரையோரத்தில் இடைச்சிறுநீரகம் போன்றதொன்றைக் காண நுணுக்குக்காட்டி தேவையில்லை. கற்பிட்டியிலோ சிலாபத்திலோ மீன் வெட்டும்போது, உறைந்த இரத்தமென்று முள்ளந்தண்டின் கீழிருந்து சுரண்டி எறியப்படும் கருஞ்சிவப்புப் பட்டைதான் மீனின் சிறுநீரகம். மனிதன் கருவிலேயே கைவிடும் இடைச்சிறுநீரகத்துக்கு நிகரான அதுவே மீனுக்கு ஆயுள் முழுதும் உழைக்கிறது. கற்பிட்டிக் கடலில் துள்ளும் டொல்பினுக்கோ நிலைத்திருப்பது பின்சிறுநீரகம். ஆனால் அது நூற்றுக்கணக்கான சிறு மணிகள் திரண்டு முந்திரிகைக் குலைபோல இருக்கும். மனிதக் கருவிலும் சிறுநீரகம் மடல் மடலாகவே இருந்து, பிறந்த பின்னர்தான் மழமழப்பாகிறது.

இடைச்சிறுநீரகத்தைக் கோழிக்கருவில் கண்டு எழுதியவர் காஸ்பர் பிரீட்ரிக் வொல்ஃப். 1759இல் ஹாலே பல்கலைக்கழகத்துக்கு அளித்த ஆய்வேட்டில் அதை விவரித்தார். முழு உடலும் சிற்றுருவாக முன்கூட்டியே அமைந்திருக்கிறது என்ற கொள்கை அன்று செல்வாக்குடன் இருந்தது. உறுப்புகள் புதிதாகவே உருவாகின்றன என்றார் வொல்ஃப். பெரும்பெயர் பெற்ற உடலியலாளர் ஹாலர் அதை ஏற்கவில்லை. பேர்லினில் பேராசிரியர் பதவி கிட்டாத வொல்ஃப் 1767இல் சென் பீற்றர்ஸ்பேர்க் சென்று, 1794இல் அங்கேயே இறந்தார். தாம் கண்டதன் தொழிலை அவர் எவ்வளவு உணர்ந்திருந்தார் என்று உறுதியாகச் சொல்வதற்கில்லை. ஆயினும் கரைந்துபோகும் அவ்வுறுப்புக்கு அவர் பெயர் நிலைத்துவிட்டது.

நிலையான சிறுநீரகத்தின் சிறுநீர்க்கான், வொல்ஃபின் குழாய் எனப்படும் இடைச்சிறுநீரகக் குழாயிலிருந்து அரும்பாகக் கிளைக்கிறது என்பதை 1865இல் உடற்கூற்றியலாளர் குப்ஃபர் காட்டினார். வடிகட்டும் நுண்குழாய்களும் அவ்வரும்பின் கிளைகளா, சுற்றியுள்ள இழையத்தில் தனியே பிறந்தவையா என்ற விவாதம் நெடுங்காலம் நீடித்தது. பின்னையதே இன்று ஏற்கப்படுகிறது. 1950களில் முளையவியலாளர் குரோப்ஸ்டைன், எலிக்கரு இழையங்களைத் தட்டில் வளர்த்து, ஒன்று மற்றதைத் தூண்டுவதை மெய்ப்பித்தார். அரும்பை அழைக்கும் புரதம் 1996இல் அடையாளம் காணப்பட்டது.

2015இல் குருத்துக் கலங்களிலிருந்து சிறுநீரகத்தை ஒத்த நுண்ணுருக்கள் ஆய்வுக்கூடத்தில் வளர்க்கப்பட்டன.