கல்லிற் பூத்த கமலம்

குளந்தொட்டு வளம் பெருக்கிய நாடு வன்னிநாடு. வவுனிக்குளம், முத்தையன்கட்டு, இரணைமடு முதலிய பெருங்குளங்களும், ஊர்தோறும் அமைந்த சிறுகுளங்களும் இந்நாட்டின் உயிர்நாடிகள். அக்குளங்களிலே பூக்கும் தாமரை நமக்குப் புதியதன்று. அதன் மலரைக் கோயிலுக்கு எடுக்கின்றோம். அதன் இலையிலே அன்னதானச் சோறு உண்கின்றோம். ஆயினும், அத்தாமரை கல்லிலும் செம்பிலும் பூத்த வரலாற்றை நம்மிற் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை.

காடு வெட்டும்போதோ குளக்கட்டுத் திருத்தும்போதோ தாமரை செதுக்கிய கல்லொன்று வெளிப்படுமாயின், "இது எங்கள் கோயிற் கல்" என்று ஒரு சாராரும், "இது பௌத்த விகாரைக் கல்" என்று மறு சாராரும் உடனே தீர்ப்புக் கூறிவிடுகின்றனர். தாமரை ஒன்றையே சான்றாகக் கொண்டு அவ்வாறு தீர்ப்புக் கூறல் தகுமா? அதனை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தாமரையின் கிழங்கு சேற்றிலே கிடப்பது. மலரோ நீருக்கு மேலே நிமிர்ந்து மலர்வது. நீரிலே வாழ்ந்தும் அதன் இலையில் நீர் ஒட்டுவதில்லை. உலகில் வாழ்ந்தும் பற்றற்று நிற்கும் ஞானிக்கு இந்து சமய நூல்கள் இதனை உவமையாக்கின. உலகிலே பிறந்தும் உலகின் மாசு படியாத புத்தருக்குப் பௌத்த நூல்களும் இதனையே உவமையாக்கின. இருவர்க்கும் குளம் ஒன்றே, மலரும் ஒன்றே.

இனி, சிற்பச் சான்றுகளை நோக்குவோம். கி.மு. 2ஆம், 1ஆம் நூற்றாண்டுகளைச் சார்ந்தவை இந்திய நாட்டுப் பார்குத், சாஞ்சி என்னும் இடங்களிலுள்ள பௌத்த தூபிகளின் சிற்பங்கள். அவற்றின் கல்வேலிகளிலே வட்டவட்டமாகத் தாமரைகள் செதுக்கப்பட்டுள்ளன. அக்காலச் சிற்பிகள் புத்தரை மனித வடிவிலே காட்டவில்லை. திருவடிச் சுவடு, போதிமரம், அறவாழி ஆகிய சின்னங்களாற் குறித்தனர். ஆனால் அதே கல்வேலிகளில், தாமரை மீது நிற்கும் பெண்ணொருத்தியை இரு மருங்கும் யானைகள் நீராட்டும் காட்சியும் உண்டு. நாம் கஜலட்சுமி என வழிபடும் வடிவம் இதுவே. இருக்கு வேதத்தின் பிற்சேர்க்கையாகிய ஸ்ரீசூக்தம் திருவைத் தாமரையோடு சேர்த்தே போற்றுகின்றது. பௌத்த தூபியின் வேலியிலே அவ்வடிவத்தைச் செதுக்கச் சிற்பியும் தயங்கவில்லை; செதுக்குவித்தோரும் தயங்கவில்லை.

இவ்வுறவை உலகறிய விளக்கியவர், 1877ஆம் ஆண்டு கொழும்பிலே பிறந்த கலாயோகி ஆனந்த குமாரசுவாமி அவர்கள். பௌத்த உருவவியல் பற்றி 1935ஆம் ஆண்டு அவர் வெளியிட்ட ஆங்கில நூலிலே, பௌத்த கலையின் தாமரைப் பீடத்துக்கு வேதகாலக் கருத்துக்களிலே வேருண்டு என நிறுவினார். படைப்புக்கு முன் பரந்து கிடந்த நீரும், அதன்மேல் விரிந்த உலகத் தாமரையுமே அக்கருத்தின் அடிப்படை.

இந்துக் கோயிற் கலையில் தாமரை பெற்ற இடமோ மிகப் பெரிது. உத்தரப் பிரதேசத்துத் தியோகர்க் கோயிலிலே பள்ளிகொண்ட திருமாலுக்கு மேலே நான்முகன் தாமரையில் வீற்றிருக்கின்றான். மாமல்லபுரத்து வராக குகையிலே, 7ஆம் நூற்றாண்டுப் பல்லவச் சிற்பி கஜலட்சுமியைத் தாமரையில் அமர்த்தினான். அத்துணைத் தூரம் செல்லவும் வேண்டா. நம் ஊர்க் கோயிற் பலிபீடத்தின் மேற்பகுதியைப் பாருங்கள். அது விரிந்த தாமரை. மூர்த்தி நிற்கும் பத்ம பீடத்தைப் பாருங்கள். மேல்நோக்கிய இதழ்களும் கீழ்நோக்கிய இதழ்களும் அடுக்கப்பெற்ற இரட்டைத் தாமரை அது. சிவபூசையில் இறைவனுக்குப் பாவனையால் அமைக்கும் ஐந்து ஆசனங்களுள்ளும் பத்மாசனம் ஒன்று.

ஈழத்திலும் இக்கதையே தொடர்கின்றது. கந்தரோடை, மாந்தை, அநுராதபுரம் முதலிய இடங்களிலே கிடைத்த பழைய நாணயத் தகடுகளில், ஒருபுறம் தாமரை மீது நிற்கும் இலட்சுமியும் மறுபுறம் சுவஸ்திகமும் பொறிக்கப்பட்டுள்ளன. அநுராதபுரத்துச் சந்திரவட்டக் கல்லின் நடுவே இருப்பது பாதித் தாமரை. அதனைச் சூழ அன்னமும், கொடியும், யானை, குதிரை, சிங்கம், எருது ஆகியனவும் வரிசையாக அமைந்துள்ளன. பொலநறுவைக் காலத்திலே எருது அக்கல்லினின்றும் நீங்கியது. சைவர் போற்றும் நந்தியை மிதித்தல் தகாது எனக் கருதியே அது நீக்கப்பட்டது என்பது அறிஞர் பலர் கூறும் விளக்கம். எருது நீங்கியபோதும் தாமரை நீங்கவில்லை. அதே பொலநறுவையிலே அகழ்ந்தெடுக்கப்பட்டுக் கொழும்பு நூதனசாலையிலே வைக்கப்பட்டுள்ள சைவ வெண்கலப் படிமங்களும் தாமரைப் பீடங்களின் மீதே நிற்கின்றன.

சோழநாட்டு நாகபட்டினம் இன்னும் தெளிவான சான்று. ஸ்ரீவிசய மன்னர் அங்கு எடுத்த சூடாமணி விகாரைக்கு ஆனைமங்கலம் என்னும் ஊரை வழங்கியவன், தஞ்சைப் பெரிய கோயிலைக் கட்டிய அதே இராசராச சோழன். 1856ஆம் ஆண்டு தொடக்கம் நாகபட்டினத்திலே ஏறக்குறைய 350 பௌத்த வெண்கலங்கள் கிடைத்தன. அவற்றின் தாமரைப் பீடங்களைச் சோழர் காலச் சைவப் படிமங்களின் பீடங்களோடு ஒப்பிட்டால், இரண்டும் ஒரே கலைமரபிற் பிறந்தவை என்பது விளங்கும். நம் நாட்டிலும் திருகோணமலைக்கு அண்மையிலுள்ள வெல்கம் விகாரை, இராசராசப் பெரும்பள்ளி என்று பெயர்பெற்றுத் தமிழ்த் தானசாசனங்களைத் தாங்கி நிற்கின்றது. பௌத்த பள்ளி என்றவுடன் அது தமிழர்க்குப் புறம்பானது என எண்ணுவோர்க்கும், தமிழர் எக்காலத்தும் பௌத்தரல்லர் என எண்ணுவோர்க்கும் அச்சாசனங்கள் ஒருங்கே விடை கூறுகின்றன.

ஆகவே, தாமரை செதுக்கிய கல்லொன்று தன்னளவிலே எச்சமயத்துக்கும் உரிமைப் பத்திரமாகாது. கல்வெட்டின் எழுத்து, கட்டட அடித்தளத்தின் அமைப்பு, கல் கிடந்த மண்ணடுக்கு, உடன் கிடைத்த பொருட்கள் ஆகிய யாவும் சேர்ந்தே உண்மை கூறும். கல்லை இடம் பெயர்த்தால் அச்சான்றுகள் அழிந்துபோம். பத்தியினாலே அதற்கு வர்ணம் பூசுவதும், பகையினாலே அதனை உடைப்பதும் வரலாற்றுக்குச் செய்யும் ஒரே கேட்டின் இரு வடிவங்கள்.

இளைஞர்காள்! உங்கள் ஊரிலே அத்தகைய கல்லொன்றைக் காண்பீராயின், அதனை அசையாதீர். இருந்தபடியே படம் பிடித்து, அளவெடுத்து, இடத்தைக் குறித்து வையுங்கள். 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட் கட்டளைச் சட்டப்படி உரியவர்க்கு அறிவியுங்கள். அக்குறிப்பின் பிரதியொன்று ஊரிலும் இருக்கட்டும். பெரியோர்களே! அவ்விடத்தைப் பற்றி நீங்கள் கேட்டறிந்த பெயர்களையும் கதைகளையும் அவர்களுக்குச் சொல்லுங்கள். யாருடைய கல் என்று வழக்காடுமுன், அக்கல் கூறும் உண்மையைக் கேட்கப் பழகுவோம். சேற்றிலிருந்து எழுந்தும் மாசுபடாத மலரைத் தெய்வத்தின் பீடமாக்கிய நம் முன்னோர் நமக்கு விட்டுச் சென்ற பாடமும் அதுவேயாகும்.