பாஸ் அவுட்

வெளிநாட்டு வேலைக்கு விண்ணப்பம் எழுதிய என் அக்கா மகன், தான் 2019-இல் ‘பாஸ் அவுட்’ ஆனதாக ஆங்கிலத்தில் குறித்திருந்தான். திருத்தச் சொன்னேன். “எல்லாரும் அப்படித்தானே சொல்றாங்க மாமா?” என்றான். சொல்கிறோம்தான்; ஆனால் லண்டனிலோ நியூயார்க்கிலோ அதைப் படிப்பவருக்கு முதலில் தோன்றுவது, இவன் மயங்கி விழுந்தான் என்பதே. ‘பாஸ்’ என்பதன் வேர், காலடியைக் குறிக்கும் ‘பாஸ்ஸுஸ்’ என்ற லத்தீன் சொல். அடிவைத்துக் கடத்தல் என்பதிலிருந்தே தேர்வைக் கடப்பதும் வந்தது. ‘அவுட்’ சேர்ந்ததும் பொருள் இரண்டாகக் கிளைத்தது: ஒன்று நினைவிழத்தல், மற்றொன்று படைப்பயிற்சி முடித்து வெளியேறுதல். சென்னைப் பரங்கிமலையில் இளம் ராணுவ அதிகாரிகள் பயிற்சி முடித்து நடத்தும் ‘பாஸிங் அவுட்’ அணிவகுப்பில் அந்த இரண்டாம் பொருளை இன்றும் காணலாம். கல்லூரிப் படிப்புக்கும் அதையே நீட்டிக்கொண்டது இந்திய ஆங்கிலம். நம்மிடம் ‘தேறு’ இருக்கிறது. தெளிதல் அதன் அடிப்பொருள். குறளில் நம்புதல் என்றும் வரும். கலங்கிய நீரைத் தெளியவைப்பது தேற்றாங்கொட்டை; அழுபவரைத் தெளியவைப்பது தேற்றுதல். நோயிலிருந்து மீண்டாலும் தேறினான், தேர்வில் வென்றாலும் தேறினான். ஆங்கிலச் சொல் மயக்கத்தில் தள்ளுகிறது. தமிழ்ச்சொல் மயக்கத்திலிருந்து எழுப்புகிறது. ‘2019-இல் பட்டப்படிப்பில் தேறினேன்’ என்று சொல்லிப் பாருங்கள், எவ்வளவு நிறைவாக இருக்கிறது!