அணிந்தவரும் ஆக்கியவரும்: விக்டோரியா கால இங்கிலாந்தில் மகளிர் ஆடையணி

விக்டோரியா அரசியார் ஆட்சி புரிந்த 1837 முதல் 1901 வரையிலான காலத்து மகளிர் ஆடை என்றவுடன் நம்மில் பலருக்கும் முதலில் நினைவிற்கு வருவது இடையை இறுக்கும் கச்சே ஆகும். திமிங்கிலத்தின் வாய்த்தகடுகளையும் எஃகுப் பட்டைகளையும் உள்ளே வைத்துத் தைத்த அக்கச்சு பெண்ணை மூச்சுவிட இயலாதவாறு நெருக்கியது என்றும், அழகிற்காக அவள் உடல்நலத்தைப் பலி கொடுத்தாள் என்றும் பரவலாகச் சொல்லப்பட்டு வருகின்றது. இக்கூற்று முற்றிலும் பொய்யன்று. ஆயினும், அணிந்தவளின் உடலை மட்டுமே நோக்கும் இப்பார்வை, அவ்வாடையை ஆக்கியவளின் உடலை நம் கண்ணிலிருந்து மறைத்துவிடுகின்றது. இக்கட்டுரையில் நாம் காண விழைவது அவ்விரண்டாமவளையே.

கச்சைப் பற்றிய மிகைக்கூற்றை முதலில் களைந்துவிடுதல் நன்று. 16 அங்குல இடை அக்காலத்தில் இயல்பாக இருந்ததுபோல் எழுதுவோர் பெரும்பாலும் சான்றாகக் காட்டுவன, சாமுவேல் பீட்டன் 1852-இல் தொடங்கிய ‘இங்கிலிஷ்வுமன்ஸ் டொமெஸ்டிக் மேகசின்’ என்னும் மகளிர் இதழில் 1860-களின் பிற்பகுதியில் வெளிவந்த வாசகர் மடல்களே. அம்மடல்களை அப்படியே வரலாறாகக் கொள்ளலாகாது என்பது ஆடை வரலாற்றாய்வாளர் வலெரி ஸ்டீலின் கருத்து. அருங்காட்சியகங்களில் எஞ்சியுள்ள கச்சுகளுள் பெரும்பாலானவை 20 அங்குலமும் அதற்கு மேலும் அளவுடையன என்பதை அவர் சுட்டுகின்றார். முதுகுப்புறக் கயிற்றை முழுதும் இறுக்காது இடைவெளி விட்டுக் கட்டுவதும் உண்டு என்பதையும் சேர்த்து எண்ணினால் 16 அங்குலக் கதை மேலும் தளர்ந்துவிடும். கச்சு நலம் பயப்பது என்று நாம் வாதிட வரவில்லை. கேட்போரை வியப்பில் ஆழ்த்தும் செய்தியே நெடுங்காலம் நிலைத்துவிடுகிறது என்பதையே இங்குக் குறிக்கின்றோம்.

1856-ஆம் ஆண்டில் எஃகு வளையங்களால் ஆன கிரினோலின் கூண்டு சந்தைக்கு வந்தது. அதற்குமுன் பாவாடையை விரித்துக் காட்ட, குதிரைமயிர் கலந்து நெய்த உள்ளாடை உட்பட ஐந்தாறு பாவாடைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அணிய வேண்டியிருந்தது. அப்பாரத்தைக் குறைத்ததனால் கூண்டைப் பெண்கள் விரும்பி ஏற்றனர். வீட்டுப் பணிப்பெண்களும் அதை அணியத் தொடங்கியதைக் கண்டு ‘பஞ்ச்’ என்னும் நகைச்சுவை இதழ் எள்ளி நகையாடியது. அதன் உண்மையான கேடு நெருப்பு. திறந்த கணப்பும் மெழுகுவத்தியும் நிறைந்த வீடுகளில், அணிந்தவள் அறியாமலே ஆடையின் விளிம்பு தீயைத் தொட்டுவிடும். மெல்லிய துணி நொடியில் பற்றிக்கொள்ளும். கூண்டின் வழக்கு ஓய்ந்த பின்னரும் இவ்விபத்து ஓயவில்லை. எழுத்தாளர் ஆஸ்கார் வைல்டின் மாற்றுத்தாய்ச் சகோதரியர் இருவர் 1871-இல் அயர்லாந்தில் ஒரு விருந்தின்போது ஆடையில் தீப்பற்றி இறந்தனர். பின்னாளில் வைல்ட் ஆடைச் சீர்திருத்தம் குறித்து மேடையேறிப் பேசியதை இந்நிகழ்வோடு இணைத்துப் பார்ப்பது நம் ஊகமாகவே இருக்க முடியும்.

கூண்டு வந்த அதே 1856-இல்தான் செயற்கைச் சாயமும் பிறந்தது. வில்லியம் பெர்கின் என்னும் 18 வயது மாணவர், மலேரியாவிற்கு மருந்தான குவினைனைச் செயற்கையாக ஆக்க முயன்று, அதற்குப் பதிலாக ஊதா நிறச் சாயம் ஒன்றைக் கண்டார். ‘மாவ்’ எனப் பெயர் பெற்ற அந்நிறம் சில ஆண்டுகளில் இலண்டன் வீதிகளை நிறைத்தது.

எனினும் அக்காலத்துப் பச்சை நிறம் வேறு வகையினது. செம்பும் ஆர்செனிக் என்னும் பாடாணமும் சேர்ந்த ‘ஷீலே பச்சை’, ‘மரகதப் பச்சை’ ஆகிய நிறமிகள், விளக்கொளியிலும் மங்காத பளபளப்பால், நடன ஆடைகளுக்கும் கூந்தலில் சூடும் செயற்கை இலை, மலர்களுக்கும் பெரிதும் பயன்பட்டன. மாடில்டா ஷூரர் என்னும் 19 வயதுப் பெண் இலண்டனில் இத்தகைய மலர் செய்யும் தொழிலாளி. மெழுகிட்ட இலைகளின்மேல் பச்சைப் பொடியைத் தூவுவது அவளது வேலை. மூச்சோடும் விரல் தொட்ட உணவோடும் அப்பொடி உடலுள் புகுந்தது. 1861 நவம்பரில் அவள் இறந்தபோது, பச்சை நீராக வாந்தியெடுத்தாள் என்றும், கண்ணின் வெண்மை பச்சையாக மாறியிருந்தது என்றும், காண்பன யாவும் பச்சையாகத் தெரிவதாகக் கூறினாள் என்றும் செய்திகள் வெளிவந்தன.

இதன் பின்னர் நிகழ்ந்ததே நம் கருத்திற்குரியது. மகளிர் சுகாதாரச் சங்கத்தின் வேண்டுகோளின்படி, பெர்கினின் ஆசிரியரான வேதியியலறிஞர் ஆகஸ்ட் ஹோஃப்மன் செயற்கை இலைகளைச் சோதித்து, 1862 பிப்ரவரியில் ‘தி டைம்ஸ்’ நாளிதழில் முடிவுகளை வெளியிட்டார். நடனத்திற்குச் சூடும் ஒரு மலர்முடியில் பலரைக் கொல்லப் போதுமான நஞ்சு உள்ளது என்பது அதன் சாரம். அதே மாதத்தில் ‘பஞ்ச்’ இதழ், எலும்புக்கூடுகள் இரண்டு ஆடை அணிந்து நடன மங்கையைப் போலும் அவள் துணைவனைப் போலும் நிற்கும் கேலிச்சித்திரத்தை வெளியிட்டது. செய்தியின் மையம் இவ்வாறு தொழிற்கூடத்திலிருந்து நடனக்கூடத்திற்கு நகர்ந்தது. 1851-ஆம் ஆண்டின் ஆர்செனிக் விற்பனைச் சட்டம் சில்லறை விற்பனையை மட்டுமே கட்டுப்படுத்தியது. தொழில்களில் அந்நஞ்சைப் பயன்படுத்துவதை அது தடுக்கவில்லை. பச்சைப் பொடியின் செல்வாக்கு தேய்ந்தமைக்கு வாங்குவோரின் அச்சமும் புதிய சாயங்களின் வரவுமே பெருங்காரணம் எனலாம்.

தையற்பெண்களின் நிலை அக்காலத்தவர் அறியாத ஒன்றன்று. அரசு ஆணைக்குழுவின் 1843-ஆம் ஆண்டு அறிக்கை அதை விரிவாகப் பதிவுசெய்தது. தாமஸ் ஹூட் சட்டை தைக்கும் ஏழைப் பெண்ணைப் பற்றிப் பாடிய புகழ்பெற்ற கவிதை அவ்வாண்டின் இறுதியில் ‘பஞ்ச்’ இதழில் வந்தது. அழுதவர் பலர், ஆயினும் வேலைநேரம் குறையவில்லை. இருபது ஆண்டுகள் கழித்து, 1863 ஜூன் மாதத்தில், இலண்டன் ரீஜண்ட் வீதியில் அரசவை மகளிர்க்கு ஆடை தைக்கும் நிறுவனமொன்றில் மேரி ஆன் வாக்லி என்னும் 20 வயதுப் பெண் படுக்கையில் இறந்து கிடந்தாள். வேல்ஸ் இளவரசியாகப் புதிதாக மணமுடித்து வந்திருந்த அலெக்சாண்ட்ராவைச் சிறப்பிக்கும் நடன விருந்திற்கான ஆடைகளை அவளும் உடன் அறுபது பெண்களும் 26½ மணிநேரம் இடைவிடாது தைத்தனர் என்றும், ஓர் அறைக்கு முப்பது பேர் இருந்தனர் என்றும் கார்ல் மார்க்ஸ் ‘மூலதனம்’ முதல் தொகுதியில் எழுதுகின்றார். நெரிசல் மிகுந்த கூடத்தில் நெடுநேரம் உழைத்ததும் காற்றோட்டமற்ற அறையில் உறங்கியதுமே காரணம் என மருத்துவர் சான்றுரைத்தார். நடுவர் குழுவோ மூளைக்குருதிக் கசிவால் இறந்தாள் என முடிவு கூறி, மிகையுழைப்பு அதை விரைவுபடுத்தியிருக்கலாம் என்ற ஐயத்தோடு நிறுத்திக்கொண்டது. ஓவியர் ஜான் டென்னியல் அவ்வாண்டு ஜூலையில் வரைந்த சித்திரத்தில், புத்தாடை உடுத்து நிலைக்கண்ணாடி முன் நிற்கும் சீமாட்டிக்குத் தன் உருவத்தோடு இறந்த தையற்பெண்ணின் ஆவியும் தெரிகின்றது. நூறு பக்க அறிக்கை சொல்லாததை அவ்வொரு சித்திரம் சொல்லிவிடுகின்றது என்பது நம் மதிப்பீடு.

முக ஒப்பனையில் நிலைமை விந்தையானது. வெளிறிய முகமே உயர்குடி அழகெனப் போற்றப்பட்டது. வெயிலில் உழைக்காதவள் என்பதற்கு அது சான்று. அதே வேளையில் வெளிப்படையாக வண்ணம் பூசுவது நல்லொழுக்கமன்று எனப்பட்டது. இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட மறைவுச் சந்தையில் செழித்தவர் ‘மேடம் ரேச்சல்’ எனப்பட்ட சாரா ரேச்சல் லெவர்சன். சகாரா பாலைவனப் பனிநீர் என்றெல்லாம் பெயரிட்டுப் பெருவிலைக்கு விற்ற அவர், 1868-இல் மோசடிக் குற்றத்திற்காக ஐந்தாண்டுச் சிறைத்தண்டனை பெற்றார். பெயரை மாற்றி இவ்வணிகம் இன்றும் நடப்பதை நாம் அறிவோம்.

1861 டிசம்பரில் கணவர் ஆல்பர்ட் மறைந்தபின் அரசியார் இறுதிவரை கருப்பே உடுத்தார். துக்க ஆடையும் ‘ஜெட்’ என்னும் கருங்கல் அணிகலனும் பெருந்தொழிலாயின. ஜெட் வாங்க இயலாதோர்க்கு மலிவான போலிகள் வந்தன. அவற்றுள் ஒன்று நம் மலாய்த் தீவுக்கூட்டக் காடுகளின் மரப்பாலாகிய கட்டாபெர்ச்சா. சிங்கப்பூரில் பணியாற்றிய மருத்துவர் வில்லியம் மாண்ட்காமரி போன்றோர் வழி 1843-இல் இலண்டனுக்கு அறிமுகமான இப்பால் பெரிதும் செலவானது கடலடித் தந்திக் கம்பிகளுக்கே. அணிகலனுக்குச் சென்றது சிறுபங்குதான். எனினும் ஒரு மரத்தின் பாலை எடுக்க அம்மரத்தையே வெட்டிச் சாய்த்தனர் என்பதும், காட்டினுள் அவ்வேலையைச் செய்தோரின் பெயர்கள் நமக்குக் கிட்டவில்லை என்பதும் இங்குக் கருதத்தக்கன.

1881-இல் ஹார்பர்ட்டன் சீமாட்டி முதலியோர் நிறுவிய பகுத்தறிவு ஆடைச் சங்கம், பெண்ணின் உள்ளாடைகளின் எடை 7 பவுண்டைத் தாண்டக்கூடாது என்றது. கச்சு, குதியுயர்ந்த காலணி, நடையைத் தடுக்கும் பாவாடை ஆகியவற்றை அது எதிர்த்தது. இதன் பயனை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. ஆயினும் இது அணிபவரின் இயக்கமாகவே இருந்தது. தைப்பவரின் கூலி, வேலைநேரம் பற்றிய விசாரணை தனி வழியில் சென்றது. கசக்கிப் பிழியும் தொழில்முறை குறித்து ஆராயப் பிரபுக்கள் சபை 1888-இல் குழு அமைத்தது. குறைந்தபட்சக் கூலியை நிர்ணயிக்கும் தொழில் வாரியச் சட்டம் 1909-இல்தான், அரசியார் மறைந்து எட்டாண்டுகள் கழித்து, நிறைவேறியது. அது முதற்கண் எடுத்துக்கொண்ட நான்கு தொழில்களுள் ஆயத்த ஆடைத் தையலும் லேஸ் துணியைச் செம்மை செய்யும் வேலையும் அடங்கும்.