வண்டியின் அடிவயிறு: வில்லிஸ் ஜீப்பிலிருந்து ஆவடி வரை

தார், ஜிம்னி வாங்கினவங்க முதல்ல டயரை மாத்துவாங்க. அடுத்து கண்ணு போறது ஸ்கிட் பிளேட் மேல. இஞ்சின், கியர்பாக்ஸுக்குக் கீழ போல்ட் போட்டு மாட்டுற கனமான தகடு. எங்க குத்தம்பாக்கத்துல இப்ப வீட்டு வாசல்லயே இதை மாட்டுறாங்க. இந்தத் தகட்டுக்குப் பின்னாடி ஒரு போர்க்கால வரலாறு இருக்கு.

1941-ல் அமெரிக்க ராணுவத்துக்காகத் தயாரான வில்லிஸ் எம்பி ஜீப்லயே டிரான்ஸ்ஃபர் கேஸுக்குக் கீழ ஒரு தகடு உண்டு. 'ஸ்கிட்'னா சறுக்குறது. கல்லுல வயிறு இடிச்சா மாட்டிக்காம, அது மேல சறுக்கிக்கிட்டுப் போகணும். அதனாலதான் தகட்டோட முன்பக்கம் மேல் நோக்கி வளைஞ்சிருக்கும். 1940-களின் இறுதியில் மகிந்திரா மும்பையில் பூட்டத் தொடங்கியதும் இதே வில்லிஸ் குடும்பத்து ஜீப்பைத்தான்.

ஆனா கல்லைவிடப் பெரிய ஆபத்து கண்ணிவெடி. இரண்டாம் உலகப் போர்ல வட ஆப்பிரிக்கப் பாலைவனத்துல ஓட்டுநர்கள் வண்டித் தரையில மணல் மூட்டையை அடுக்கிக்கிட்டாங்க. கையில கிடைச்சதை வெச்சு அவங்களே செஞ்சுக்கிட்ட பாதுகாப்பு அது.

இப்ப நம்ம பக்கத்து ஊரான ஆவடிக்கு வருவோம். 1961-ல் அமைக்கப்பட்ட கனரக வாகனத் தொழிற்சாலையிலிருந்து 1965-ல் விஜயந்தா டாங்க் வெளிவந்தது. சுமார் 40 டன் எடை. அவ்வளவு இரும்பு இருந்தும், முன்பக்கத்தோட ஒப்பிட்டா எந்த டாங்குக்கும் அடிப்பக்கம் மெல்லிசுதான். எல்லாப் பக்கமும் ஒரே தடிமன் போட்டா வண்டி நகராது. பின்னாடி அதே ஆவடியில உருவான அஜேயா, அதாவது டி-72, டாங்க்ல ஓட்டுநர் தப்பிக்க அடித்தரையிலயே ஒரு கதவு உண்டு. எங்க தடுக்கணும்ங்கறதோட, எங்க வழி விடணும்ங்கறதும் பாதுகாப்புல ஒரு பாதி.

வீட்டுல தகடு மாட்டும்போதும் இதே கணக்குதான். ஆயில் வடிக்கிற போல்ட்டுக்கு நேரா ஓட்டை இருக்கணும். காத்து போக, சேறு கழுவ இடம் விடணும். தடிமன் கூடக்கூட எடை கூடும், ஸ்பிரிங் தாழும், தரை இடைவெளி குறையும். சேஸிஸ்ல புதுசா ஓட்டை போடாம, ஏற்கெனவே இருக்கிற துளையில மாட்டுற தகடா பார்த்து வாங்குங்க.

எல்லாத்துக்கும் மேல உங்க உயிர். வெறும் ஜாக்கை நம்பி வண்டிக்குக் கீழ படுக்காதீங்க. சமமான, கெட்டியான தரையில நிறுத்தி, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, ஜாக் ஸ்டாண்டு மேல வண்டியை உட்கார வைங்க. சைலன்ஸர் ஆறட்டும். தகட்டைத் தாங்கிப் பிடிக்க ஒரு ஆள் கூட இருக்கட்டும். எல்லா போல்ட்டையும் முதல்ல கையால சுத்திவிட்டு, அப்புறமா இறுக்குங்க. முதல் கரடுமுரடு ஓட்டம் முடிஞ்சதும் மறுபடி ஒரு தடவை பாருங்க.

இஞ்சினைக் காப்பாத்தத்தான் தகடு. அதை மாட்டுற உங்களைக் காப்பாத்துறது அந்த ஸ்டாண்டுதான். அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.