ஒருக்களித்துப் படுத்திருக்கும் வேட்டைக்காரன்... மொட்டை மாடியிலிருந்து ஓரியனைப் பார்ப்பது எப்படி?

டிசம்பர் பாதிக்கு மேல், ராத்திரி எட்டு மணிக்கு மொட்டை மாடி ஏறி கிழக்கே பாருங்க. பளிச்சுனு மூணு நட்சத்திரங்கள், கிட்டத்தட்ட ஒண்ணுக்கு மேல ஒண்ணா நிற்கும். அதுதான் ஓரியன் என்கிற வேட்டைக்காரனின் இடுப்பு பெல்ட். அதற்கு இடதுபக்கம், தோளில் சிவப்பாக இருப்பது பீட்டல்ஜூஸ். வேற யாரும் இல்ல, நம்ம திருவாதிரைதான்! வலதுபக்கம், காலில் நீல வெள்ளையாக மின்னுவது ரைஜெல்.

புத்தகப் படங்களில் நிமிர்ந்து நிற்கும் இந்த வேட்டைக்காரன், நம்ம ஊரில் உதிக்கும்போது ஒருக்களித்துப் படுத்திருப்பார். நாம பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருப்பதுதான் காரணம். சிட்னியில் அவர் தலைகீழ்! அங்கே பெல்ட்டையும் வாளையும் சேர்த்து கைப்பிடி வைச்ச சாஸ்பேன் என்கிறார்கள்.

விஷயம் அதோட முடியல. இந்த நட்சத்திரங்கள் எல்லாம் ஒரே தரையில் வைச்ச கோலப்புள்ளிகள் இல்லை. இன்னொரு தோளில் இருக்கும் பெல்லாட்ரிக்ஸ் சுமார் 250 ஒளியாண்டு தூரம். ரைஜெல்லோ சுமார் 860. இன்னைக்கு உங்க கண்ணில் படும் ரைஜெல் வெளிச்சம், இங்கே சோழர்கள் ஆண்டபோது அங்கிருந்து கிளம்பியது. பூமியிலிருந்து பார்க்கும்போது ஒரே திசையில் விழுவதால்தான் அது வேட்டைக்காரன். ரொம்ப தூரத்தில் இருக்கும் வேறொரு நட்சத்திரத்திலிருந்து பார்த்தால் அந்த உருவமே இருக்காது.

இங்கேயும் அது நிரந்தரமில்லை. 2019 கடைசியில் திருவாதிரை மங்க ஆரம்பித்து, 2020 பிப்ரவரியில் வழக்கமான வெளிச்சத்தில் பாதிகூட இல்லாமல் போனது. ‘வெடிக்கப்போகுதோ?’ எனப் பரபரப்பு. அது தானே கக்கிய தூசுதான் மறைத்தது என்றார்கள் ஆய்வாளர்கள். ஆனால், ஒருநாள் வெடிக்கத்தான் போகிறது. அநேகமாக இன்னும் ஒரு லட்சம் ஆண்டுகளுக்குள். அதற்குப் பிறகு வேட்டைக்காரனுக்கு ஒரு தோள் இருக்காது.

பார்க்கப் போகும்போது தெருவிளக்குக்கு முதுகைக் காட்டி நில்லுங்க. இருபது நிமிஷம் போனைத் தொடாதீங்க (கஷ்டம்தான்!). கண் இருட்டுக்குப் பழகணும், ஒரே ஒரு நோட்டிஃபிகேஷன் வெளிச்சம் போதும், மறுபடி முதலிலிருந்து. ஓரியன் தினமும் 4 நிமிஷம் முன்னதாக உதிக்கும். மார்ச்சில் இருட்டும்போதே உச்சிக்கு வந்திருக்கும். ஜூனில் தேடாதீங்க, அப்போ சூரியன் அந்தப் பக்கம்தான் இருக்கும்.